மண்டி மொஹல்லாவில் கேட்ட ஷரீஃப்

ரகு தீட்சித் ப்ராஜெக்ட் தன் இரண்டாவது ஆல்பமான 'ஜக் சங்கா'வை 2013ல் வெளியிட்டது. முதல் ஆல்பம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் குழு எங்கெங்கோ போய்வந்துவிட்டது. 2010ல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் நிகழ்ச்சியில் வாசித்தார்கள். 2011ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் மேடையேறினார்கள். அதே ஆண்டு சாங்லைன்ஸ் பத்திரிகை அவர்களுக்குச் சிறந்த புதுவரவு விருதைக் கொடுத்தது. அங்கே புதுவரவு என்றாலும் எங்கள் ஊரான மைசூருக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை. ரகு தீட்சித் 'அந்தராக்னி' என்ற பெயரில் குழு கட்டிக் கல்லூரி மேடைகளில் பாடத் தொடங்கியது தொண்ணூறுகளின் கடைசியில். ஆகவே 2013ல் அவர் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள மேடைக்காரர்.

அப்படிப்பட்ட ஒருவர் இரண்டாவது ஆல்பம் போடும்போது முழுக்கத் தன் பாட்டுகளை மட்டுமே வைத்திருக்கலாம். உலகம் அவரைக் கேட்கத் தயாராக இருந்தது. ஆனால் 'ஜக் சங்கா'வில் அவருடைய சொந்தப் பாடல்களுக்கு நடுவில் மறுபடியும் சிசுநாள ஷரீஃப் இருந்தார். 1819ல் பிறந்து 1889ல் மறைந்த, கன்னடத்தில் பாடிய ஒரு கிராமத்து மனிதர். பாட்டின் பெயர் 'லோகத காளஜி'. தம்பி அதைத் தன் கணினியில் போட்டதும் அடுக்களையிலிருந்த அம்மா வெளியே வந்து, "இது அவ்வா பாட்டாச்சே" என்றாள்.

அவ்வாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அப்பா சத்தியமங்கலத்துக்காரர். மஞ்சள் வியாபாரத்தோடு திம்பம் மலையேறி மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு தரகு மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். கபீர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்களுக்கு ஓட்டு வீடு. சந்தில் உருது பேசும் குடும்பங்கள்தான் அதிகம். நாங்கள் ஒரு தமிழ்க் குடும்பம், கொஞ்சம் தள்ளி ஒரு மார்வாடிக் குடும்பம், எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் அவ்வா. தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஹோல்ட்ஸ்வொர்த் என்ற அதன் உண்மைப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பகலெல்லாம் மிளகாய், புளி, வெல்லம், சாக்குத்தூசி என்று மூக்கை நிறைக்கும் தெரு. சாயங்காலமானால் ஊதுவத்தி வாசனை. பெண்கள் வாசலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஊதுவத்தி உருட்டுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி.

அவ்வாவின் வீட்டுக்காரர் ப்யாடகி மிளகாய் லாரியோடு வந்தவர். ப்யாடகிப் பக்கம் இன்றைக்கு ஹாவேரி மாவட்டம். அன்று தார்வாட் ஜில்லா. ஷரீஃப் பிறந்த சிசுநாளமும் அதே பக்கத்தில், ஷிக்காவ் தாலூகாவில் இருக்கிறது. வடகர்நாடகக் கன்னடத்துக்கும் மைசூர்க் கன்னடத்துக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. அவ்வா பேசினால் சந்துக்காரர்களுக்குப் பாதி புரியாது. நாங்களோ கன்னடத்தையே தெருவில் கற்றவர்கள் என்பதால் எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் என்னைத் "தங்கி" என்று கூப்பிடுவார். நான் "அவ்வா" என்பேன். எங்கள் அம்மாவும் அவரை "அவ்வா" என்றுதான் கூப்பிட்டாள். அவர் சோள ரொட்டி தட்டும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டால் நானும் தம்பியும் அங்கே போய்விடுவோம். நிலக்கடலைப் பொடியும் தயிரும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவோம். ரொட்டி தட்டும்போதும் ஊதுவத்தி உருட்டும்போதும் அவர் பாடுவார். பாடுவதெல்லாம் ஷரீஃப்.

ஷரீஃப் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய குரு கோவிந்த பட்டர் பிராமணர். குரு தன் சீடனுக்குப் பூணூல் போட்டுவிட்டார் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். சிசுநாளத்தில் உள்ள சமாதியில் இன்றும் இரண்டு மதத்தவரும் கும்பிடுகிறார்கள். அவ்வா அதையெல்லாம் விளக்கிச் சொன்னதில்லை. "ஷரீஃப் சாஹேபர்" என்று மட்டும் சொல்வார், ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்வதுபோல. சந்தில் ஊதுவத்தி உருட்டிய மற்றப் பெண்கள் தொழுகை நேரம் வந்தால் எழுந்துபோய்விட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அவரோடு சேர்ந்து முனகுவார்கள். அவர்களுக்கும் வார்த்தை பாதிதான் தெரியும்.

ஒருநாள் அவ்வா குரங்கைக் கோழி விழுங்கிவிட்டதாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது விளையாட்டுப் பாட்டு. திண்ணையில் கணக்குப் புத்தகத்தோடு இருந்த அப்பா நிமிர்ந்து, "இதென்ன, நம்ம சித்தர் பேச்சாட்டம் இருக்கு" என்றார். அன்றிரவு சாப்பிடும்போது குதம்பைச் சித்தரைப் பற்றியும் குணங்குடி மஸ்தான் சாகிபைப் பற்றியும் சொன்னார். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் 1792ல் பிறந்து, சுல்தான் அப்துல் காதிர் என்று பெயர் பெற்று, கடைசியில் சென்னைத் தண்டையார்பேட்டையில் வாழ்ந்து 1838ல் அடங்கியவர் மஸ்தான் சாகிபு. ஷரீஃபுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். ஒருவர் தமிழில், ஒருவர் கன்னடத்தில். இருவருமே முஸ்லிமாகப் பிறந்து, யாரும் தங்களுடையவர் என்று உரிமை கொண்டாடும்படி பாடிவைத்துவிட்டுப் போனவர்கள். அப்பா படித்தது எட்டாவதுதான். ஆனால் மொழிக்கு மொழி பாட்டின் உறவை அவரைப்போலக் கண்டுபிடித்தவர்களை நான் பிற்பாடு பல்கலைக்கழகத்திலும் அதிகம் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் அவ்வா பாடியது வேறொரு பாட்டு. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதுதான் அதன் பொருள். ஷரீஃப் அதை மனிதனின் அறியாமையைச் சொல்லப் பாடினார். கூரையைச் சரிசெய்ய ஆளில்லாமல் வீடு நனைந்துகொண்டிருக்கிறது என்று போகும். எங்கள் சந்தில் அது அப்படியே நடப்பு. ஜூலை மாதத்தில் ஓட்டு இடுக்கில் தண்ணீர் வடியும். அவ்வா குண்டான், சொம்பு, அலுமினியத் தட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துவிட்டு, நடுவில் நனையாத ஓரிடத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடுவார். பாட்டுக்குள் இருக்கிற கூரையும் தலைக்கு மேலே இருக்கிற கூரையும் ஒன்றாகிப் போகும் இடத்தில் வளர்ந்தவள் நான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்கு யார் வேதாந்த உரை சொன்னாலும் எனக்கு முதலில் கேட்பது தட்டில் சொட்டும் தண்ணீர்தான்.

1990ல் டி.எஸ்.நாகாபரணாவின் 'சந்த சிசுநாள ஷரீஃபா' படம் வந்தது. ஸ்ரீதர் ஷரீஃபாக நடித்தார். கிரீஷ் கர்னாட் கோவிந்த பட்டராக. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. படத்தைவிடப் பெரிதாக ஊரைப் பிடித்தது அதன் இசை. சி.அஸ்வத்தின் குரல். டீக்கடை, ஆட்டோ, கல்யாண மண்டபம் எங்கும் அதுவே. அதுவரை வடகர்நாடகத்தில் பஜனைக்காரர்களும் ஊதுவத்தி உருட்டும் பெண்களும் வைத்திருந்த பாட்டு, ஒரே ஆண்டில் மாநிலம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. அப்பா கேசட் வாங்கிவந்தார். அவ்வாவை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோம். அஸ்வத் தொண்டையைத் திறந்து மேல் ஸ்தாயியில் நிற்கும்போது அவ்வா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நன்றாகத்தான் பாடுகிறான். எங்கள் ஊரில் இவ்வளவு உரக்கப் பாடமாட்டோம்" என்றார். பிறகு கேசட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்.

அஸ்வத்துக்கு நான் கடமைப்பட்டவள். கவிதையைப் பாட்டாக்கிச் சாதாரண மக்களின் வாயில் போட்ட கன்னடத்தின் சுகம சங்கீத மரபுக்கு அவர் கொடுத்தது பெரிது. 2009 டிசம்பரில் அவர் இறந்த அன்று எங்கள் தெருவிலிருந்த ஒரு பழைய கேசட் கடைக்காரர் நாள் முழுவதும் அவர் பாட்டையே போட்டார். ஆனால் அவருடைய மெட்டு அவ்வளவு பலமாகப் பரவியதில் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு ஷரீஃபை யார் பாடினாலும் அது அஸ்வத்தாகவே இருந்தது. பள்ளி விழாவில், வானொலிப் போட்டியில், ராஜ்யோத்ஸவ மேடையில், எல்லா இடத்திலும் அதே வளைவு, அதே இடத்தில் அதே ஏற்றம். அவ்வாவின் மெதுவான முனகலுக்கு வெளியே இடமில்லாமல் போயிற்று. அவரே சிலநாள் கேசட்டைப் போலப் பாட முயன்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

படம் வந்த அடுத்த வருடம் டிசம்பர். காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் தரச்சொல்லி 1991 ஜூனில் கொடுத்த இடைக்கால உத்தரவு டிசம்பர் 11ல் அரசிதழில் வந்தது. மறுநாளிலிருந்து பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அம்மா சுவரிலிருந்த தமிழ்த் தினசரி காலண்டரைக் கழற்றினாள். அப்பா டி.எம்.எஸ்., சீர்காழி கேசட்டுகளையெல்லாம் மஞ்சள் சாக்கு ஒன்றுக்குள் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினார். அவ்வா வந்து, வேறெதுவும் பேசாமல் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். சந்தின் முனையில் எதிர்வீட்டு சாச்சாவும் அவர் பிள்ளைகளும் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சந்துக்குள் யாரும் வரவில்லை. வேறு சந்துகளில் அப்படி இல்லை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த இரவுகளில் தம்பி அழுதால் தமிழில் தாலாட்ட அம்மாவுக்குப் பயம். குரல் வெளியே போய்விடுமே. அவ்வா அவனை மடியில் போட்டுக்கொண்டு ஷரீஃபைப் பாடினார். அவருக்கு வேறு பாட்டுத் தெரியாது. 'லோகத காளஜி'யை நான் முழுவதுமாகக் கேட்டது அப்போதுதான். உலகத்துக் கவலையெல்லாம் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு திரிகிறவனைச் சீண்டுகிற பாட்டு அது. கட்டிவைக்கிற வீடு, சேர்த்துவைக்கிற பணம், எல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்கும். கேட்டுவிட்டுச் சிரிக்கும். கடைகள் எரிகிற ஊரில், கதவைத் தாழிட்ட ஓர் அறையில், அப்பா அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவ்வா அதை அஸ்வத்தின் கேசட்டைப் போலப் பாடவில்லை. தம்பி தூங்க வேண்டுமே என்று, அவர் ஊரில் பாடுவதுபோலவே, மூச்சுக்குள் பாடினார்.

அவ்வா இறந்தது 2004ல். அதற்குள் சந்தில் பாதி வீடுகள் கான்கிரீட் ஆகிவிட்டன.

ரகு தீட்சித்தின் முதல் ஆல்பம், 'அந்தராக்னி' என்ற பழைய குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டது, 2008ல் விஷால்-சேகர் இரட்டையரின் கவுண்டர் கல்ச்சர் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தது. அதில் இரண்டு ஷரீஃப் பாடல்கள் இருந்தன: 'குடுகுடிய சேதி நோடோ', ஹூக்கா பாட்டு, அப்புறம் எங்கள் கூரைப் பாட்டு. பெங்களூரில் வேலைக்குப் போயிருந்த தம்பி அதைக் கொண்டுவந்தான். கிதார், வயலின், பாஸ், டிரம்ஸ். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கூரை ஒழுகத் தொடங்கியபோது நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். அஸ்வத் ஊருக்கே எடுத்துச் சொல்கிறவர். இவரோ முதலில் தனக்குச் சொல்லிக்கொள்கிறவர்போல ஆரம்பிக்கிறார். பதினெட்டு வருடமாக ஒரே மெட்டுக்குள் இருந்த பாட்டுக்கு வேறொரு கதவு திறந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதுதான் முக்கியம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். புது மெட்டு பழையதைவிட உயர்ந்ததா என்ற கேள்வி இரண்டாம்பட்சம். ஷரீஃபை அஸ்வத் மாதிரி இல்லாமலும் பாடலாம் என்ற அனுமதியை ஒரு ராக் குழு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுத்தது.

ரகு நாசிக்கில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் தங்கப் பதக்கம் வாங்கினார். பரதநாட்டியம் முறையாகக் கற்றார். நண்பன் ஒருவன் விட்ட சவாலில்தான் கிதாரைக் கையிலெடுத்தார் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெல்ஜியத்தில் மருந்து நிறுவன வேலையை விட்டுவிட்டுத்தான் முழுநேரப் பாட்டுக்கு வந்தார். மேடையில் பளிச்சென்ற நிறத்தில் லுங்கி கட்டி, காலில் சலங்கை கட்டிக்கொண்டு நிற்பார். முதல்முறை ஒரு திறந்தவெளி மேடையில் அவர்களைப் பார்த்தபோது, மின்சாரக் கிதாருக்கு நடுவே அந்தச் சலங்கை தெளிவாகக் கேட்டது. மண்டி மொஹல்லாவில் லுங்கி கட்டாத ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதே லுங்கி கிளாஸ்டன்பரிக்கும் போனது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

மேற்கத்திய இசை மைசூருக்கு அந்நியமும் அல்ல. அரண்மனையில் ஆங்கில பேண்டும் கர்நாடக பேண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடைசி மகாராஜா ஜயசாமராஜ உடையார் 94 கர்நாடகக் கீர்த்தனைகள் இயற்றினார். அதே மனிதர் லண்டன் பில்ஹார்மோனியா இசைக்குழுவுக்கு 1948 முதல் சில ஆண்டுகள் பணம் கொடுத்துத் தாங்கினார். ரஷ்ய இசையமைப்பாளர் நிகொலாய் மெட்னர் தன் முதுமையில் தன் படைப்புகளை இசைத்தட்டில் பதிய முடிந்தது இவர் கொடுத்த பணத்தால்தான். அரண்மனை வாசலிலிருந்து எங்கள் சந்துக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் அந்த இசை எங்களிடம் வரவில்லை. கிதார் எங்கள் தெருவுக்கு வருவதற்கு ஷரீஃபின் பாட்டு வேண்டியிருந்தது.

இப்போது 'ஜக் சங்கா'வுக்கு வருகிறேன். அதில் ரகுவின் சொந்தப் பாடல்களில் 'யாதோன் கி க்யாரி' எனக்குப் பிடித்தது. நினைவுகளைப் பாத்தி கட்டி வளர்க்கிற மாதிரி மென்மையான இந்திப் பாட்டு. மற்ற சிலவற்றை இரண்டாம் தடவை கேட்கத் தோன்றவில்லை. விழா மேடையில் ஆயிரம் பேர் கைதட்டிச் சேர்ந்து பாடுவதற்காகச் செய்தவை என்று பட்டது. வீட்டில் தனியாகக் கேட்டால் அந்த ஆயிரம் பேர் இல்லாதது தெரிகிறது. 'லோகத காளஜி' வேறு. அதுவும் கூட்டத்துக்கான வேகம்தான், உற்சாகம்தான். இருந்தும் அடியில் ஷரீஃபின் கேலி அசையாமல் நிற்கிறது. எவ்வளவு ஆர்ப்பாட்டமாக வாசித்தாலும் அந்த வரிகள் கேட்கிறவனைப் பார்த்துக் கேள்வி கேட்பதை நிறுத்துவதில்லை. குறையையும் சொல்ல வேண்டும். அந்த வேகத்தில் பாட்டின் நடுவிலுள்ள ஒரு தயக்கம் தொலைந்துபோகிறது. அவ்வா அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவார். சிரிப்பு முடிந்து பயம் தொடங்குகிற இடம் அது. டிரம்ஸ் அங்கே நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள் என்று சொன்னேனே, முழுப்பாட்டையும் நின்றபடி கேட்டாள். "வேகமா ஓட்டறான். ஆனா அவ்வா இருந்தா எழுந்து ஆடியிருப்பாங்க" என்றாள்.

ஒரு குழுவுக்குச் சொந்தப் பாட்டு எதற்கு, பழைய பாட்டு எதற்கு என்பது ராக் இசையில் எப்போதும் இருக்கிற வழக்கு. தொடங்கும்போது எல்லோரும் அடுத்தவர் பாட்டைத்தான் பாடுகிறார்கள். கொஞ்சம் புகழ் வந்ததும் அதை மறைக்கப் பார்க்கிறார்கள். நம் கச்சேரி மேடையில் இந்தச் சங்கடமே கிடையாது. மைசூர் வாசுதேவாச்சாரின் கீர்த்தனையைப் பாடுகிற வித்வானிடம் உங்கள் சொந்தப் பாட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தியாகராஜரைப் பாடி அறுபது வருடம் வாழ்ந்துவிட்டுப் போகலாம். எப்படிப் பாடினார் என்பதில்தான் அவருடைய சொந்தம் இருக்கிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே கடைசியில் பழைய பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. 1964ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பாட்டுகள். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்டது ஒன்றே ஒன்று. அப்புறம் ஐம்பது வருடம் தங்கள் பாட்டாலேயே உலகத்தை ஆண்டார்கள். 2003 ஏப்ரலில் பெங்களூர் அரண்மனை மைதானத்திலும் வந்து வாசித்தார்கள். 2015 டிசம்பரில் லண்டனில் மூன்றே நாளில் பன்னிரண்டு பழைய புளூஸ் பாடல்களை வாசித்துப் பதிந்தார்கள். லிட்டில் வால்டர், ஹவ்லின் வுல்ஃப், ஜிம்மி ரீட் எல்லாம் அதில் இருந்தார்கள். அது அடுத்த ஆண்டு 'புளூ அண்ட் லோன்சம்' என்று வந்தது. 2023ல் வந்த 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தில் பதினொரு பாட்டு அவர்களே எழுதியது. பன்னிரண்டாவது, கடைசிப் பாட்டு, மடி வாட்டர்ஸ் 1950ல் பாடியது. குழுவுக்குப் பெயர் கிடைத்ததே அந்தப் பாட்டிலிருந்துதான். எல்லா நட்சத்திர விருந்தாளிகளையும் அனுப்பிவிட்டு, எண்பதை ஒட்டிய ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும் அதை வாசிக்கிறார்கள். டிரம்ஸ் இல்லை. அவர்களுடைய டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021ல் இறந்துபோயிருந்தார்.

அந்தப் பன்னிரண்டாவது பாட்டைக் கேட்டபோதுதான் 'ஜக் சங்கா' எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. எங்கிருந்து வந்தோம் என்று மறுபடி சொல்ல ஸ்டோன்ஸுக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் ஊர்க்காரர் அதை முதல் ஆல்பத்திலேயே சொன்னார். உலகம் கவனித்த பிறகு வந்த இரண்டாவதிலும் விடாமல் சொன்னார். சாங்லைன்ஸ் விருது வாங்கிய பிறகு ஷரீஃபைக் கைவிடாமல் இருந்ததை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

தமிழில் இது நடக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018ல் கானாவை மேடைக்குக் கொண்டுவந்தபோது முதல் நாளே கேட்டேன். வடசென்னையின் குரல் அத்தனை பலத்தோடு ஒலித்ததில் மனம் நிறைந்தது. ஆனால் அதே வடசென்னையில் அடங்கிய மஸ்தான் சாகிபை ஒரு ராக் குழு எடுத்துக்கொண்டு, ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு என்று பத்து வருடம் விடாமல் பாடினால் எப்படி இருக்கும்? குதம்பைச் சித்தர் கிதாருக்கு எவ்வளவு பொருத்தம்! குட்டி அடிகள், திரும்பத் திரும்ப ஒரே விளி, நாலு பேர் சேர்ந்து கத்த வசதியான முடிவு. அதை வைத்துக்கொண்டு நாம் பாடத்திட்டத்தில் மனப்பாடப் பகுதி ஆக்கியிருக்கிறோம்.

தம்பி மகள் இப்போது மைசூரில் கல்லூரியில் படிக்கிறாள். நான்கு பேரோடு ஒரு குழு வைத்திருக்கிறாள். இரண்டு பாட்டு அவர்களே எழுதியது. மற்றதெல்லாம் பிறருடையது. கல்லூரி விழாவுக்கு 'லோகத காளஜி' எடுத்திருக்கிறார்கள். ரகு தீட்சித்தின் பதிவிலிருந்துதான் கற்றாள். 1991ல் தன் அப்பாவைத் தூங்கவைத்த பாட்டு அது என்று நான் சொல்லும்வரை அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லியிருக்க மாட்டான். அப்போது அவனுக்கு நான்கு வயது.

போன மாதம் அவளுக்கு ஒரு சரணம் சொல்லிக்கொடுத்தேன். அவ்வா பாடியது. நான் கேட்ட எந்தப் பதிவிலும் இல்லாதது. ஷரீஃபுடையதுதானா, அவ்வா ஊரில் யாராவது சேர்த்ததா என்று கேட்டாள். அவ்வா ஷரீஃப் என்றுதான் பாடினார் என்றேன். அது போதும் என்று எழுதிக்கொண்டாள். வரி நீளமாக இருக்கிறது, நாலு அட்சரத்துக்குள் அடங்கவில்லை என்று டிரம்ஸ் வாசிக்கிற பையன் முதலில் மறுத்தான். அந்த இடத்தில் மட்டும் அவன் கையை எடுத்துவிடுவது, வயலின் தனியாகத் தாங்குவது, சரணம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இறங்குவது என்று முடிவாயிற்று. "அத்தை, ஒரு மூச்சு நிறுத்தணும்னு சொன்னீங்களே, அது இங்கதானே?" என்று பாடிக்காட்டினாள். அங்கேதான். பாட்டின் மொத்த வேகத்தையும் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு மட்டும் ஐந்து பேரும் ஒப்பவில்லை. அடுத்த ஒத்திகையில் மறுபடி கேட்கப்போகிறேன்.